தினசரி ஆங்கிலம்: மாலை வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆட்டோ ஓட்டுபவர், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண், மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு கிளம்பும் அம்மா என்று எல்லாரும் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சுத்தமாகத் தெரியாதவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு தாளை எடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து நீங்கள் தொட்டது, கேட்டது, சொன்னது எல்லாவற்றிலும் ஆங்கிலச் சொல் எது என்று எழுதுங்கள். ஸ்விட்ச், ஃபேன், பிரஷ், பேஸ்ட், டவல், கேஸ், குக்கர், விசில், பஸ், டிக்கெட், கண்டக்டர், லேட், லீவு, பெர்மிஷன். "ஏ பி சி டி தாண்டி ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டு வந்த ஓர் அம்மா, முதல் நாளே இரண்டு பக்கம் நிரப்பிவிட்டுத் தானே சிரித்தார்.

பெயர்ச்சொல் மட்டும்தானே, வினைச்சொல் வேண்டாமா என்று கேட்பீர்கள். அதையும் 'பண்ணு'வுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். வெயிட் பண்ணு, ட்ரை பண்ணு, ஹெல்ப் பண்ணு, கேன்சல் பண்ணு, செக் பண்ணு, பார்க் பண்ணு. 'பண்ணு'வைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் சரியான ஆங்கில வினைச்சொல். "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்பதில் வெயிட்டை மட்டும் எடுத்தால் "ப்ளீஸ் வெயிட்." அவ்வளவுதான். சில இடங்களில் இது இடிக்கும். டெலிவரி பண்ணு என்கிறோம், ஆங்கிலத்தில் வினை 'டெலிவர்'. ஆன் பண்ணு என்கிறோம், அங்கே 'டர்ன் ஆன்'. இடிக்கும் இடங்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை வார்த்தை தெரிந்தால் சமாளிக்கலாம்?

இந்தக் கேள்வியோடு பெரிய ஆட்களே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1930இல் சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 850 சொற்களே போதும் என்று ஒரு பட்டியல் போட்டார். அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி, 1959இல் ஆங்கிலம் கற்பவர்களுக்காக மெதுவாக வாசிக்கும் செய்தியைத் தொடங்கியபோது சுமார் 1500 சொற்களுக்குள் நின்றுகொண்டது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 சொற்கள். ஆக, 850க்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது விடை.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது எண்ணிக்கை இல்லை. ஆக்டனின் 850இல் முழு வினைச்சொற்கள் 16தான். கம், கோ, கெட், கிவ், டேக், புட், மேக், கீப், லெட், டூ, சே, சீ, சென்ட், சீம், அப்புறம் பீ, ஹேவ். கூடவே வில், மே என்று இரண்டு துணைவினை. இந்தச் சின்னச் சொற்களை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. வகுப்புக்கு வருகிறவர்கள் பெரிய பெரிய சொற்களாகத் தேடி மனப்பாடம் செய்கிறார்கள், 'கெட்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கெட் அப் என்றால் எழுந்திரு, கெட் இன் என்றால் வண்டியில் ஏறு, கெட் ஆஃப் என்றால் பஸ்ஸிலிருந்து இறங்கு, ஐ காட் இட் என்றால் புரிந்துவிட்டது.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஐந்தையும் அன்றைக்கே யாரிடமாவது ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை.

தமிழில் நாம் பேசும் ஆங்கிலச் சொற்களை வெளியூரில் அப்படியே பேசலாமா?

பல சொற்களைப் பேசலாம். சிலது நம் ஊருக்கு வந்து வேறு வேலைக்குப் போய்விட்டன.

லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் சாமான் வாங்கிவிட்டு, "ஒன் கவர் ப்ளீஸ்" என்று கேட்டேன். அந்தப் பையன் என்னைச் செல்போன் உறைகள் தொங்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். நான் கேட்டது சாமான் போட ஒரு பை. அங்கே அதற்கு 'பேக்' என்றால்தான் புரியும்.

ஹோட்டல் என்றால் நமக்கு இட்லி, தோசை. அவர்களுக்கு அறை எடுத்துத் தங்கும் இடம். சாப்பிடும் இடம் ரெஸ்டாரன்ட். "கரண்ட் இல்லை" என்று சொல்ல "நோ கரண்ட்" என்கிறோம், அவர்கள் 'பவர்' என்பார்கள்: "த பவர் இஸ் அவுட்." கல்லூரி முடித்ததை "ஐ பாஸ்டு அவுட் இன் 2015" என்றால், 2015இல் மயக்கம் போட்டு விழுந்தேன் என்று புரிந்துகொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். கடைக்குப் பின்னால் என்பதற்குப் 'பேக்சைட்' என்று சொல்லவே வேண்டாம், அது உட்காரும் உடல் பகுதி. 'பிஹைண்ட் த ஷாப்' என்றால் போதும். அழிக்கும் ரப்பரை அமெரிக்காவில் 'இரேசர்' என்றுதான் கேட்க வேண்டும். ரப்பர் என்று கேட்டால் பேச்சு குடும்பக் கட்டுப்பாட்டுப் பக்கம் போய்விடும்.

காய்கறிக் கடையில் பெரிய குழப்பம் உண்டு. முருங்கைக்காயை நினைத்து டிரம்ஸ்டிக் என்றால் கோழிக்கால் வரும். கத்தரிக்காய்க்கு நாம் சொல்லும் பிரிஞ்சால் பிரிட்டனிலும் சொல்வதில்லை, அமெரிக்காவிலும் சொல்வதில்லை. ஒருவருக்கு அது ஆபர்ஜீன், இன்னொருவருக்கு எக்பிளான்ட். வெண்டைக்காய் ஓக்ரா. தயிர் யோகர்ட்.

கார்க்காரர்கள் சொல்லும் 'ஸ்டெப்னி' தனிக் கதை. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்தவர்கள் 1900களின் தொடக்கத்தில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்குப் பெயராகி நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே அதை மறந்துவிட்டு 'ஸ்பேர் வீல்' என்கிறார்கள். நாம் இன்னும் விடவில்லை.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மாற்றிப் பேசினால் ஏன் சிரிக்கிறார்கள்?

இரண்டு மொழியும் உலகத்தை வேறு வேறு பக்கமிருந்து பிடிக்கின்றன, அதனால்தான். தமிழில் பசியும் தூக்கமும் நமக்கு வருகிறவை. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்குக் குளிர்கிறது. ஆங்கிலத்தில் ஆளே பசியாக நிற்கிறான்: ஐ ஆம் ஹங்ரி, ஐ ஆம் ஸ்லீப்பி, ஐ ஆம் கோல்ட். 'எனக்கு' என்று மனதில் வந்தவுடன் கை தானாக 'டு மீ', 'ஃபார் மீ' என்று தேடும். தேட விடாதீர்கள். 'எனக்கு' வரும் வாக்கியங்களை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, எதிரே ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு எழுதிப் பழகுங்கள். எனக்குத் தெரியும்: ஐ நோ. எனக்குப் பிடிக்கும்: ஐ லைக் இட். எனக்கு இரண்டு பிள்ளைகள்: ஐ ஹேவ் டூ சில்ட்ரன். இந்தக் கடைசி வாக்கியத்தில் 'ஐ ஆம் ஹேவிங்' சொல்லக் கூடாது.

அடுத்த வில்லங்கம் 'போடு'. தமிழில் அது ஒரு சொல், ஆங்கிலத்தில் ஒரு டஜன். லைட்டைப் போடு: டர்ன் ஆன் த லைட். டீ போடு: மேக் டீ. சட்டை போடு: புட் ஆன் எ ஷர்ட். சோறு போடு: செர்வ் த ரைஸ். கையெழுத்துப் போடு: சைன் ஹியர். ஊசி போட்டார்: ஹீ கேவ் மீ அன் இன்ஜெக்ஷன். சண்டை போட்டான்: ஹீ ஹேட் எ ஃபைட். கோலம் போடுவதற்கு நேர்ச்சொல் இல்லை, 'டிரா எ கோலம்' என்று சொல்லிச் சமாளிப்போம்.

அதனால்தான் தனிச் சொல்லைப் படிக்காதீர்கள், சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டோடு சேர்த்துப் படியுங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன். 'மேக்' என்றால் செய் என்று எழுதி வைத்தால் நாளைக்குச் சமையலைச் செய்தேன் என்பதை 'மேட் த குக்கிங்' என்பீர்கள். 'மேக் டீ', 'டூ த குக்கிங்', 'டூ த டிஷஸ்' என்று ஜோடியாகவே மனதில் ஏற்றுங்கள். 'டூ த டிஷஸ்' என்றால் பாத்திரம் கழுவுவது.

ப்ளீஸ் சொன்னாலும் நான் அதட்டுவது மாதிரி இருக்கிறதாம். ஏன்?

இது பலருக்கும் நேர்வது. நாம் மரியாதையை 'ங்க'வில் வைக்கிறோம். "தண்ணி கொடுங்க" என்பதில் அந்த 'ங்க' போதும், தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். ஆங்கிலத்துக்கு 'ங்க' கிடையாது. "கிவ் மீ வாட்டர்" என்றால், 'ங்க' இல்லாத "தண்ணி கொடு" என்றுதான் காதில் விழும். கடைசியில் ப்ளீஸ் ஒட்டினாலும் கட்டளை கட்டளைதான்.

அவர்கள் மரியாதையைக் கேள்வியாக்கிக் காட்டுகிறார்கள். "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?" தண்ணீர் எனக்குக் கிடைக்குமா என்று கேட்பது போல. அதே மாதிரி கதவைச் சாத்தச் சொல்ல "குட் யூ க்ளோஸ் த டோர்?" வழி விடச் சொல்ல "எக்ஸ்க்யூஸ் மீ." 'குட் ஐ', 'குட் யூ' இரண்டையும் உங்கள் 'ங்க' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடும் விதமும் மாறும். அங்கே வயதில் மூத்தவரைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தெரியாத பெண்ணை 'ஆன்ட்டி' என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா என்று. கூப்பிடாமலே எக்ஸ்க்யூஸ் மீயில் தொடங்குவது பத்திரம்.

போயிட்டு வரேன் என்பதற்கு ஆங்கிலம் என்ன?

"ஐ வில் கோ அண்ட் கம்" இல்லை. சும்மா "பை, சீ யூ" போதும். 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் அமங்கலம் என்பது நம் வீட்டு வழக்கம், அவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் தமிழிலும் ஒரு தடவை சொல்லிவிட்டு இறங்குங்கள்.

ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்துப் படிக்கலாமா?

முதல் ஒரு மாதம் படிக்கலாம், இந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் காது கூடவே இருக்க வேண்டும். பை, முதுகு, மூட்டை கட்டுவது, ரொட்டி சுடுவது ஆகிய நான்குக்கும் நான்கு ஆங்கிலச் சொற்கள் உண்டு. தமிழில் எழுதினால் நான்கும் 'பேக்'. காதால் கேட்காமல் வித்தியாசம் பிடிபடாது. பேருந்துப் பலகை, மருந்து அட்டை, வங்கிப் படிவம் இவற்றைப் பார்த்து எழுத்தையும் மெல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பில் எதை முதலில் சரிசெய்வது?

வால் நறுக்குவதிலிருந்து ஆரம்பியுங்கள். புக்கு, பஸ்ஸு, லைட்டு, கேட்டு என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. இது நம் குற்றமும் இல்லை, சோம்பலும் இல்லை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது பழைய இலக்கணம். பாக்கு, பாட்டு, காசு என்றுதான் முடியும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லுக்கும் நாக்கு ஓர் உகரத்தைத் தாங்கலாக வைக்கிறது. 'புக்' என்று சொல்லிவிட்டு வாயை அங்கேயே நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

நமக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். குறில், நெடில் நமக்குப் பால்குடி மறக்காத காலத்திலேயே தெரியும். ஷிப் என்றால் கப்பல், ஷீப் என்றால் செம்மறி ஆடு. ஃபுல் என்றால் நிறைய, ஃபூல் என்றால் முட்டாள். ஸ்பானிஷ், இத்தாலியன் பேசுகிறவர்கள் இதில் திண்டாடுவார்கள், நமக்கு ஒரு சிரமமும் இல்லை.

சிரமம் நமக்கு வேறு இடத்தில். மேற்கு, உள்பனியன் இரண்டையும் 'வெஸ்ட்' என்றே சொல்கிறோம். மேற்குக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், பல் படக் கூடாது. பனியனுக்குக் கீழுதட்டில் மேல்பல் பட வேண்டும்.

எழுத்தைப் பார்த்து ஏமாறும் சொற்களும் உண்டு. ரசீதுக்கு 'ரிசீட்', 'ரிசிப்ட்' இல்லை. புதன் 'வென்ஸ்டே'. காய்கறி 'வெஜ்டபிள்', கடைசியில் 'டேபிள்' கிடையாது. பெண்கள் 'விமின்'. கடன் 'டெட்', அதில் எழுதப்படும் 'பி' ஒலிக்காது. அந்த எழுத்தை லத்தீன் படித்த பண்டிதர்கள் பிற்காலத்தில் கொண்டுவந்து சொருகினார்கள். எழுதுபவர்கள் சொருகியதைப் பேசுபவர்கள் கண்டுகொள்ளவில்லை.

வெளியூரில் டாக்டரிடம் உடம்புக்கு என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

மகன், மகள் வீட்டுக்குப் போகும் அம்மாக்களும் அப்பாக்களும் இதை ஒரு நாள் ஒதுக்கிப் படித்தே ஆக வேண்டும். 'பெயின்' என்ற ஒரு சொல்லோடு போய் உட்கார்ந்தால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. வலியில் எத்தனை வகை என்று நம்மைவிட நுணுக்கமாகச் சொல்பவர்கள் யார்! அதை அப்படியே எடுத்துப்போக வேண்டும்.

சுள்ளென்று குத்துகிறது என்றால் "எ ஷார்ப் பெயின்." எரிகிறது: "எ பர்னிங் பெயின்." விண் விண்ணென்று தெறிக்கிறது: "இட் இஸ் த்ராபிங்." வயிற்றைப் பிடித்துப் பிசைகிறது: "ஐ ஹேவ் க்ராம்ப்ஸ்." கால் கடுக்கிறது: "மை லெக்ஸ் ஏக்." மரத்துப்போனது: "இட் இஸ் நம்." தலை சுற்றுகிறது: "ஐ ஃபீல் டிஸ்ஸி." மூச்சு வாங்குகிறது: "ஐ ஆம் ஷார்ட் ஆஃப் பிரெத்." குமட்டுகிறது: "ஐ ஃபீல் சிக்." சளி பிடித்திருக்கிறது: "ஐ ஹேவ் எ கோல்ட்." இதில் 'ஹேவ்' போனால் குளிர்கிறது என்று அர்த்தமாகிவிடும். எங்கே என்று தெரியாவிட்டால் கையை வைத்துக் காட்டி "இட் ஹர்ட்ஸ் ஹியர்."

பேதிக்கு நாம் சொல்லும் 'லூஸ் மோஷன்' எல்லா ஊரிலும் புரியாது. 'டயரியா' புரியும்.

எத்தனை நாளாக என்பதில்தான் அதிகம் வழுக்குகிறது. மூன்று நாளாக என்றால் "ஃபார் த்ரீ டேஸ்." திங்கட்கிழமையிலிருந்து என்றால் "சின்ஸ் மண்டே." நேற்று ராத்திரியிலிருந்து "சின்ஸ் லாஸ்ட் நைட்", 'எஸ்டர்டே நைட்' இல்லை. 'ஃப்ரம் த்ரீ டேஸ்' என்று யாருமே சொல்வதில்லை, நம் ஊரைத் தவிர.

நம் ஊர் ஆங்கிலம் தப்பா?

நம் ஊருக்குள் தப்பில்லை. கூட்டத்தை முன்கூட்டி வைப்பதற்கு நாம் சொல்லும் 'ப்ரிபோன்' ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே ஏறிவிட்டது. 2016இல் நம்முடைய 'ஐயோ'வையும் சேர்த்தார்கள். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அதற்கு எவ்வளவோ முன்பே போய்ச் சேர்ந்தவை. ஆனால் எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டுமே. 'டவுட்' கேட்கிறேன் என்றால் உங்கள்மேல் நம்பிக்கை இல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார், 'எ கொஸ்டின்' என்று கேளுங்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்பதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வேண்டாம், 'அவுட் ஆஃப் டவுன்' போதும்.

நீங்கள் வீட்டில் எத்தனையாவது பிள்ளை? இதை எப்படிக் கேட்பது?

கேட்க முடியாது. "ஆர் யூ த எல்டஸ்ட்?" என்று கேளுங்கள், இல்லை என்றால் அவரே சொல்வார்.

இலக்கணம் முதலில் படிக்க வேண்டாமா?

வேண்டாம். நூறு துண்டுகள் வாயில் புழங்கிய பிறகு படித்தால் இலக்கணம் இனிக்கும்.

படித்தது அடுத்த வாரமே மறந்துவிடுகிறது.

மறக்கத்தான் செய்யும். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது என்பது அவர் கண்டது. எனவே படித்த அன்று ராத்திரியே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, நான்கு நாள் கழித்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இதற்குச் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை எனக்குப் பிடிக்கும், செலவில்லாதது. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு சீட்டாக வெட்டுங்கள். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் ஆங்கிலம். மூன்று டப்பா. புதுச் சீட்டெல்லாம் முதல் டப்பாவில், அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்ன சீட்டு இரண்டாவதுக்குப் போகும், அது மூன்று நாளைக்கு ஒரு தடவை. அதிலும் சரியென்றால் மூன்றாவது, வாரம் ஒரு தடவை. தப்பாகச் சொன்னால் எந்த டப்பாவில் இருந்தாலும் மறுபடி முதல் டப்பாவுக்கு. சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், திருப்பிப் பார்த்துவிட்டு "ஆ, தெரியும்" என்பது கணக்கில் சேராது.

நேரில் பேசுகிறேன். போனில் பேசினால் ஒன்றும் புரியவில்லை.

முகமும் கையும் தெரியாதபோது எல்லாருக்கும் அப்படித்தான். புரியாததற்கு 'எஸ், எஸ்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எதற்குச் சம்மதித்தோம் என்றே தெரியாமல் போகும். மூன்று வாக்கியங்களைப் போன் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" திரும்பச் சொல்லச் சொல்வது. "குட் யூ ஸ்பீக் ஸ்லோலி, ப்ளீஸ்?" மெதுவாகப் பேசச் சொல்வது. "குட் யூ டெக்ஸ்ட் மீ தட்?" அதை எழுதி அனுப்பச் சொல்வது. மூன்றாவதுதான் கை கொடுக்கும்.

பேர் சொல்லும்போது 'மைசெல்ஃப்' வேண்டாம். "திஸ் இஸ் செல்வி" என்று ஆரம்பியுங்கள். பெயரின் எழுத்துகளைக் கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். 'பி'யா 'டி'யா என்று அவர்களுக்குக் கேட்காது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஊரோ பொருளோ சேர்த்துச் சொல்ல வேண்டும்: டி ஃபார் டெல்லி, பி ஃபார் பாரிஸ். உங்கள் பேருக்கான வரிசையை இன்று ராத்திரியே எழுதி, அந்த மூன்று வாக்கியங்களுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். பேரில் 'ழ' இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி போட்டிருப்பார்கள்.